எந்த முகவரியை எழுதட்டும், மிஸ்?

நூலக அட்டைப் படிவத்தில் பெயரை எழுதி முடித்ததும் அவன் பென்சிலை நிறுத்திவிட்டான். ஆறரை வயது. நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக எழுதுகிற பருவம். அடுத்த கட்டத்தில் முகவரி. நிமிர்ந்து பார்த்து, "எந்த முகவரியை எழுதட்டும், மிஸ்?" என்று கேட்டான். அவனுக்கு மூன்று முகவரிகள் தெரியும். அம்மாவோடு இருந்த அபார்ட்மெண்ட், முதலில் கொண்டுபோய் விட்ட வளர்ப்புக் குடும்பம், இப்போது இருக்கிற வீடு. மூன்றையும் தெருப் பெயரோடு மளமளவென்று சொன்னான். எது சரியான விடை என்பது மட்டும் அவனுக்குப் புரியவில்லை.

அவனைக் கூட்டி வந்திருந்த வளர்ப்புத் தாய்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அவர் வீட்டு முகவரியை எழுதச் சொன்னேன். எழுதினான். எழுதிவிட்டு, "அடுத்த வீட்டுக்குப் போனதுக்கு அப்புறமும் இந்தக் கார்டு செல்லுமா?" என்றான். அடுத்த வீடு என்று ஒன்று வரும் என்பதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

எனக்கு அமெரிக்காவில் ஐடி வேலை. மென்பொருள் சோதனைப் பிரிவு. மாதத்தில் சில மணி நேரம் குழந்தைகள் நீதிமன்றத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். நீதிமன்றமே நியமிக்கிற பொறுப்பு இது; சுருக்கமாக சி.ஏ.எஸ்.ஏ. என்பார்கள். 30 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு நீதிபதி முன் உறுதிமொழி எடுத்துக்கொண்டால் ஒரு குழந்தையை, அல்லது உடன்பிறந்தவர்களை, நம்மிடம் ஒப்படைப்பார்கள். பள்ளி, மருத்துவர், வளர்ப்புக் குடும்பம், அம்மா அப்பா என்று எல்லோரையும் போய்ப் பார்த்துவிட்டு, 'இந்தக் குழந்தைக்கு எது நல்லது' என்று நீதிபதிக்கு அறிக்கை எழுத வேண்டும். 1977இல் சியாட்டிலில் டேவிட் சூகப் என்ற நீதிபதி தொடங்கிய ஏற்பாடு. குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற அளவுக்குத் தன் மேசையில் தகவல் இல்லை என்பது அவரை உறுத்தியிருக்கிறது.

என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர். நூலகத்தில் கேள்வி கேட்ட தம்பி, அவனுடைய பதினோரு வயது அக்கா. பெயர்களையும் ஊர்களையும் சொல்ல மாட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். முதுகுவலிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையில் தொடங்கி, அம்மா போதைக்கு அடிமையாகிவிட்டார். ஒருநாள் பள்ளிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. அன்றே இருவரும் அரசின் பொறுப்புக்குப் போனார்கள், வெவ்வேறு வீடுகளுக்கு. இரண்டு வீடுகளுக்கும் இடையே 30 மைல். உடன்பிறந்தவர்களைச் சேர்த்து வைக்க முயல வேண்டும் என்று 2008இலிருந்தே மத்தியச் சட்டம் சொல்கிறது. இருவருக்கும் சேர்த்து இடம் உள்ள வீடு அன்றைக்குக் கிடைக்கவில்லை என்று கோப்பில் ஒரு வரி இருந்தது.

நான் பார்த்த முதல் மீளாய்வு விசாரணையைச் சொல்கிறேன். எல்லா வழக்குக்காரர்களையும் காலை ஒன்பது மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். நடைபாதையில் நாற்காலி போதவில்லை. கைக்குழந்தைகள், வக்கீல்கள், தானியங்கிக் குளிர்பானப் பெட்டியின் உறுமல். அம்மா ஒரு மூலையில், சிகிச்சை மையத்தில் கொடுத்த சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கைக் கூப்பிட்டபோது மணி 11:40. உள்ளே இருந்தது ஏழு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்தேன். பிள்ளைகளின் வழக்கைக் கவனிக்கிற அரசுப் பணியாளரான கேஸ்வொர்க்கர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. பிள்ளைகளை இன்னும் பார்க்கவில்லை. வேறு மாநிலத்தில் இருக்கும் பாட்டியைப் பற்றி நீதிபதி கேட்டார். "பேப்பர்கள் போய்க்கொண்டிருக்கின்றன" என்றார்கள். 'முகமை நியாயமான முயற்சிகள் எடுத்துள்ளது' என்று அச்சிட்டிருந்த வரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது. முகமை என்பது பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அரசுத் துறை. அடுத்த தேதி ஆறு மாதம் தள்ளி. நம் ஊர் நீதிமன்ற வராந்தாக்களில் காது புளிக்கக் கேட்கும் 'வாய்தா' என்ற சொல் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

ஆறு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1970களில் அமெரிக்காவில் சுமார் 5 லட்சம் குழந்தைகள் ஃபாஸ்டர் கேரில், அதாவது அரசின் பொறுப்பில் வளர்ப்பு வீடுகளில், இருந்தார்கள். தற்காலிகம் என்று எடுத்துப்போன பிள்ளைகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு மாறி வீடு மாறி பதினெட்டு வயது ஆகிவிடும். மிதந்துகொண்டே போவது என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1980இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் பரிசீலிக்க வேண்டும், 18 மாதத்துக்குள் இந்தக் குழந்தை கடைசியில் எங்கே போகப்போகிறது என்று முடிவு காண ஒரு விசாரணை நடக்க வேண்டும் என்றது. 1997 சட்டம் அந்த 18ஐ 12 ஆகக் குறைத்தது. கூடவே இன்னொரு கெடுவும் வைத்தது: கடந்த 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை ஃபாஸ்டர் கேரில் இருந்துவிட்டால், பெற்றோர் உரிமையையே ரத்து செய்யச் சொல்லி அரசு மனு போட வேண்டும். விதிவிலக்கு மூன்று: குழந்தை உறவினரிடம் இருந்தால், குடும்பத்துக்குத் தருவதாகச் சொன்ன உதவியை அரசே தராமல் இருந்தால், ரத்து செய்யாமல் இருப்பதுதான் குழந்தைக்கு நல்லது என்பதற்கு வலுவான காரணத்தை எழுதிக் காட்டினால்.

பணமும் இதில் கலந்திருக்கிறது. குழந்தையைக் குடும்பத்தோடு சேர்க்கவோ வேறு நிரந்தர வீடு காணவோ நியாயமான முயற்சி நடந்தது என்று நீதிபதி குறித்த காலத்துக்குள் எழுதாவிட்டால், அந்தக் குழந்தைக்கான மத்திய அரசின் பணம் மாநிலத்துக்கு வராது. முகமையைக் கேள்வி கேட்பதற்காகக் கொண்டுவந்த விதி. ஆனால் பணம் நின்றால் பிள்ளைகளுக்குத்தானே கஷ்டம் என்று நினைக்கிற நீதிபதி டிக் அடித்துவிடுகிறார். அவர் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த டிக் விழுந்த நிமிடத்தில் கேட்கிறவர் யாரும் இல்லாமல் போய்விடுகிறார்கள்.

சரி, பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். வழக்கே அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவின் அம்மா. 58 வயது. மருத்துவமனைச் சமையலறையில் வேலை. இரண்டு படுக்கையறை வீடு. பிள்ளைகளை எடுத்துப்போன 30 நாளுக்குள் பெரியவர்களான உறவினர்களைத் தேடித் தகவல் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதுவும் 2008 சட்டம்தான். பாட்டிக்கு முறையான கடிதம் போனது ஏழாவது மாதம். அவர் அன்றைக்கே போன் செய்து, "நான் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு மாநிலத்தின் பொறுப்பிலுள்ள குழந்தையை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்ப, மாநிலங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இங்கிருந்து ஒரு கட்டுக் காகிதம் போக வேண்டும், அங்கே இருப்பவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்து ஆய்வறிக்கை எழுத வேண்டும், அது திரும்பி வர வேண்டும். 60 நாளுக்குள் ஆய்வை முடிக்க வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. அந்த 60 நாள் ஓடத் தொடங்குவது காகிதக் கட்டு முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான். எங்கள் கட்டில் அக்காவின் தடுப்பூசிப் பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்ததை வாங்கியவர் வேலையை விட்டுவிட்டார். அவருக்கு அடுத்து வந்தவருக்கு அப்படி ஒரு கட்டு இருப்பதே தெரியாது. பதினான்கு மாதத்தில் மூன்று கேஸ்வொர்க்கர்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைந்த சம்பளம், கை நிறைய வழக்கு, நடுராத்திரியில் அழைப்பு. ஆனால் விலை கொடுப்பது குழந்தைகள். மில்வாக்கியில் நடந்த ஓர் ஆய்வு, 2005இல் வெளியானது. ஒரே கேஸ்வொர்க்கர் கடைசிவரை இருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 75 பேர் நிரந்தரமான ஒரு வீட்டை அடைந்தார்கள். இரண்டு கேஸ்வொர்க்கர்கள் கைமாறிய குழந்தைகளில் 18க்கும் கீழே. வழக்கு நீண்டால் ஆள் மாறுவதும் கூடும்தான், எல்லாவற்றையும் ஆள் மாற்றத்தின் தலையில் கட்ட முடியாது. இருந்தாலும் அந்தக் கட்டு தொலைந்த கதையை நேரில் பார்த்த பிறகு அந்த எண்களை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

பதினான்காவது மாதம் எங்கள் வழக்கு வேறொரு நீதிபதியிடம் மாறியது. அவர் முதலில் மாற்றியது நேரத்தை. ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி மணி கொடுத்தார். எங்களுக்கு 10:15 என்றால் 10:15. அம்மா அப்போது ஒரு துணிக்கடையில் மணிக்கணக்குக் கூலிக்குச் சேர்ந்திருந்தார். அரைநாள் சம்பளம் போகாமல் வந்து போக முடிந்தது. எங்கள் வழக்குக்கு அவர் ஒதுக்கியது அரைமணி நேரம்.

அன்று நடந்ததை நான் வரி வரியாக எழுதி வைத்திருக்கிறேன். போன விசாரணையின் உத்தரவைக் கையில் எடுத்து, அதில் இருந்த ஒவ்வொரு வேலையையும் படித்தார். "இது நடந்ததா?" என்று கேட்டார். பாட்டி வீட்டு ஆய்வு வந்தபோது முகமை வக்கீல், "போய்க்கொண்டிருக்கிறது, யுவர் ஆனர்" என்றார். "எந்தத் தேதியில் போனது? யார் அனுப்பினார்? போய்ச் சேர்ந்ததற்கு என்ன அத்தாட்சி?" பதில் இல்லை. குரலை உயர்த்தவில்லை அவர். பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த அமைதியில் கேஸ்வொர்க்கர் தன் மடிக்கணினியில் தேடத் தேட, கட்டு திரும்பி வந்து ஐந்து மாதம் ஆகிறது என்பது அங்கேயே தெரிந்தது.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிள்ளைகளைப் பார்க்க வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பஸ் மாறி வருகிறவர். அதில் இரண்டு வாரம் தவறியதற்குப் போன முறை அவர் மேல் ஒரு பத்தி எழுதியிருந்தார்கள்.

நீதிபதி ஆறு மாதம் தள்ளவில்லை. மூன்று வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். அதற்குள் தடுப்பூசிப் பதிவை யார் எடுப்பது, எந்த நாளில் கட்டு போக வேண்டும், அங்கே பெற்றுக்கொண்டவரின் பெயர் என்ன என்று எழுத்தில் கேட்டார். உத்தரவை எழுத்தர் அங்கேயே அச்சிட்டு, எல்லோர் கையிலும் ஒரு பிரதி கொடுத்த பிறகுதான் எழுந்தோம். அம்மாவுக்கும் ஒரு பிரதி. எங்கள் அலுவலகத்தில் மென்பொருளில் ஒரு சின்னப் பிழை இருந்தால்கூட, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதாமல் கூட்டம் கலையாது. ஒரு குழந்தைக்கு அதைச் செய்ய ஒரு வருடத்துக்கும் மேல் ஆயிற்றே என்று எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

அவர் செய்ததில் எதுவும் புதிது கிடையாது. நீதிமன்றங்கள் இந்த வழக்குகளை நடத்தும் முறையைச் சீராக்க 1993இலிருந்து மத்திய அரசு மாநிலங்களுக்கு நிதி கொடுக்கிறது. குழந்தைகள் நீதிமன்ற நீதிபதிகளின் தேசிய அமைப்பு 1995இலேயே வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டு, 2016இல் விரிவாக்கியது. ஒரு குடும்பத்துக்கு ஒரே நீதிபதி, குறித்த நேரத்தில் விசாரணை, தகுந்த காரணம் இல்லாமல் வாய்தா கிடையாது, முடிவதற்கு முன் எழுத்தில் உத்தரவு. எல்லாம் எழுதி வைத்தாயிற்று. மாநிலங்களுக்கு இடையிலான காகிதங்களை மின்னணு முறையில் அனுப்ப ஓர் அமைப்பு இருக்கிறது. எல்லா மாநிலமும் 2027 அக்டோபருக்குள் அதில் சேர வேண்டும் என்று 2018 சட்டம் சொல்லியிருக்கிறது. அது முன்பே வந்திருந்தால் எங்கள் கட்டு யாரோ ஒருவரின் இழுப்பறைக்குள் கிடந்திருக்காது.

பதினைந்தாவது மாதம் நெருங்கியபோது இன்னொரு சிக்கல். அம்மாவின் உரிமையை ரத்து செய்ய மனு போட முகமை தயாரானது. இந்தக் கெடு எதற்கு என்பது எனக்குப் புரிகிறது. பெற்றோர் திருந்தும்வரை என்று காத்திருந்தே பிள்ளைப் பருவம் முடிந்துபோன கதைகள் ஏராளம். ஆனால் ரத்து செய்துவிட்டு, தத்தெடுக்க யாரும் வராமல், சட்டப்படி அம்மாவும் இல்லாமல் வேறு யாரும் இல்லாமல் நிற்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2022இல் மட்டும் 18,000க்கும் அதிகமானோர் எந்தக் குடும்பத்திலும் சேராமலே வயது வந்துவிட்டது என்று வெளியே வந்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டி காத்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் போனில் சொன்னது இது: "பேரப்பிள்ளைகளை நான் வளர்க்கிறேன். என் மகள் அவர்களுக்கு அம்மா இல்லை என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லாதே."

அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. காப்பாளர் பொறுப்பு, அதாவது கார்டியன். தினசரி முடிவுகள் எல்லாம் பாட்டி கையில். அம்மா அம்மாவாகவே இருப்பார். உறவினரான காப்பாளருக்கு மாதாமாதம் உதவித்தொகை தர 2008 சட்டம் வழி செய்தது. ஆனால் அதற்குப் பாட்டி உரிமம் பெற்ற வளர்ப்புக் குடும்பமாக இருந்து, பிள்ளைகள் அவரோடு தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். உறவினர்களுக்கு அந்நியர்களைவிட எளிமையான உரிம விதிகளை மாநிலங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று 2023 செப்டம்பரில்தான் மத்திய அரசு அனுமதித்தது. மூன்றாவது படுக்கையறை இல்லை என்று பாட்டியை ஒதுக்காமல் இருந்ததற்கு அந்த மாநிலத்தின் புது விதிதான் காரணம். அறிக்கையில் நான் இதையெல்லாம் எழுதினேன். ரத்து மனு வேண்டாம் என்பதற்கான வலுவான காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி நீதிபதி கேட்டார். முகமை தந்தது.

அந்த மூன்று வார விசாரணையில் அக்காவும் வந்திருந்தாள். நிரந்தர இடத்தைத் தீர்மானிக்கும் விசாரணையில் குழந்தையிடமும் அதன் வயதுக்கேற்பப் பேசிக் கேட்க வேண்டும் என்பது 2006இலிருந்து விதி. பள்ளி கெடும், மனசு பாதிக்கும் என்று பெரும்பாலும் கூட்டி வர மாட்டார்கள். நீதிபதி அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்து, வக்கீலும் நானும் கூட இருக்கப் பேசினார். உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அவள் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பார்த்துப் படித்தாள். "என் தம்பிக்குப் பல் விழுந்ததை எனக்கு யாரும் சொல்லலை. அடுத்த பல் விழும்போது நான் கூட இருப்பேனா?" நீதிபதி பொய் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது. ஆனால் இன்று சாயந்திரத்திலிருந்து நீங்கள் இருவரும் தினமும் போனில் பேச வேண்டும் என்று உத்தரவு போடுகிறேன்" என்றார். போட்டார்.

ஊரில் சித்தியிடம் இதைச் சொன்னேன். சித்தி தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பல வருடம் கண்காணிப்பாளராக இருந்தவர். "அங்கயும் இதே கதைதானாடி?" என்றார். "எங்க இல்லத்துல பாதிப் பிள்ளைகளுக்கு மேல அம்மா உண்டு, கண்ணு. வீட்டு வேலைக்குப் போற அம்மா, புருஷன் விட்டுட்டுப் போன அம்மா. வறுமைதான் அந்தப் பிள்ளைகளை அங்க கொண்டுவந்து விட்டுச்சு. கமிட்டில போய் நிப்போம், பேப்பர்ல சீல் விழும், திரும்பக் கூட்டிட்டு வருவோம்."

கமிட்டி என்று அவர் சொன்னது குழந்தைகள் நலக் குழுவை. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. குழந்தையை முதலில் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும் என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டம். மாமல்லபுரம் காப்பகங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமை பற்றி 2007இல் ஒரு நாளிதழில் வந்த கட்டுரையிலிருந்து தொடங்கிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தீர்ப்புச் சொன்னது. இல்லங்களில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் தயாராக வேண்டும் என்றது. சித்திக்கு அந்தப் படிவம் நன்றாக ஞாபகம் இருந்தது.

"எழுதினோம்டி. ராத்திரி பகலா எழுதினோம். எல்லாப் பிள்ளைக்கும் 'கல்வி தொடரப்படும்'னு எழுதினோம். எப்ப வீட்டுக்குப் போகும்னு எந்தப் பிள்ளைக்கும் எழுதலை."

"ஏன் சித்தி?"

"யாரும் கேக்கலையே."

பாட்டியின் வீட்டு ஆய்வு 52ஆவது நாள் வந்து சேர்ந்தது. பதினெட்டாவது மாதம் பிள்ளைகள் போனார்கள், ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில். அம்மா விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பினார். ஒன்பது மாதமாக அவர் எதையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுகிறார். பள்ளி லீவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிள்ளைகளைத் திரும்பக் கேட்கும் உரிமை அவருக்கு இன்னும் உண்டு. கேட்பாரா என்று இப்போதைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் காப்பாளர் பொறுப்புக்கான விசாரணை. பிள்ளைகள் பாட்டி வீட்டுச் சமையலறையிலிருந்து திரையில் வந்தார்கள். பின்னால் ஏதோ அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பதிவுக்காக ஒவ்வொருவரிடமும் பெயரும் முகவரியும் கேட்டார் நீதிபதி. தம்பி முறை வந்தது. முன்பல் இரண்டும் இல்லை. வீட்டு எண், தெரு, ஊர், மாநிலம் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, அஞ்சல் குறியீட்டையும் சொன்னான். கடைசி எண் தப்பு. அக்கா குறுக்கே புகுந்து திருத்தினாள். அவன் அவளை முறைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னான்.